டோன் பொயட் ரெக்கார்டுகள்: எதற்கு முழு விலை கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஜாஸ் ரெக்கார்டு வாங்க ஆரம்பிக்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: ஒரே ஆல்பத்துக்கு நான்கு விதமான மறுபதிப்பு இருக்கிறது, 20 டாலரிலும் கிடைக்கிறது, 60 டாலரிலும் கிடைக்கிறது, எதை வாங்க? ப்ளூ நோட் என்ற ஜாஸ் ரெக்கார்டு நிறுவனம் 2019இல் டோன் பொயட் என்ற மறுபதிப்பு வரிசையைத் தொடங்கிய நாளிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். அதே நிறுவனத்தின் கிளாசிக் வினைல் வரிசையும், கிராஃப்ட் நிறுவனம் வெளியிடும் ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் வரிசையும் என் அலமாரியில் உண்டு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய பெயர் பெற்ற ஆல்பங்களை விலை குறைந்த கிளாசிக் வினைலில் வாங்குங்கள். டோன் பொயட்டுக்கான பணத்தை, ஒரு காலத்தில் பெட்டிக்குள் பூட்டிவைத்து யாருக்கும் கேட்கக் கொடுக்காமல் விட்ட ஒலிப்பதிவுகளுக்குச் செலவிடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் இங்கே பேசும் ரெக்கார்டுகளின் இசை ஹார்ட் பாப், 1950களின் நடுவில் உருவான ஜாஸ். சார்லி பார்க்கர் காலத்து பீபாப்பின் வேகமும் சிக்கலும் அதில் இருக்கும், கூடவே ப்ளூஸும் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் கலந்திருக்கும். ஆர்ட் பிளேக்கி, ஹொரஸ் சில்வர், லீ மார்கன், ஹாங்க் மோப்லி, சோனி கிளார்க் என்று ஒரு பெரிய கூட்டம். பெரும்பாலும் ஐந்து பேர்: டிரம்பெட், டெனர் சாக்ஸபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ். முதலில் இரண்டு ஊதுவாத்தியங்களும் சேர்ந்து மெட்டை வாசிக்கும், பிறகு ஆளுக்கொரு சுற்று தனியாகக் கற்பனை, கடைசியில் மறுபடியும் மெட்டு. பல பாடல்களில் முடிவுக்குச் சற்று முன் ஊதுபவர் நான்கு பார் (தாளச் சுற்று) வாசிக்க, டிரம்ஸ்காரர் நான்கு பாரில் பதில் சொல்வார். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறிக் குறைப்பு வாசிப்பதை ரசித்தவர்களுக்கு இந்த இடம் உடனே பிடித்துப்போகும்.

இந்த இசையில் பெரும்பகுதியைப் பதிவு செய்தவர் ஒரே மனிதர், ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியில் ஹாக்கன்சாக் என்ற ஊரில் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையையே ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி வைத்திருந்தார். 1959இல் பக்கத்திலுள்ள எங்கிள்வுட் கிளிஃப்ஸில், உயரமான மரக் கூரை போட்ட ஒரு கூடத்தைக் கட்டிக்கொண்டு அங்கே போனார். அதன் பிறகுதான் இதை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொண்டார். நானும் நியூ ஜெர்சியில்தான் இருக்கிறேன். ஹாக்கன்சாக் வீடு இப்போது இல்லை. எங்கிள்வுட் கிளிஃப்ஸ் கட்டடம் மரங்களுக்கு நடுவே இன்றும் நிற்கிறது. அந்தச் சாலையில் காரில் போகும் முக்கால்வாசிப் பேருக்கு உள்ளே என்னென்ன நடந்தது என்று தெரியாது. அது எனக்கு வருத்தம்தான்.

ப்ளூ நோட்டை 1939இல் தொடங்கியவர் பெர்லினிலிருந்து வந்த ஆல்ஃப்ரெட் லயன். அவருடைய பால்ய நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப் கூட்டாளி, புகைப்படக்காரரும் அவரே. லயன் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒலிப்பதிவுக்கு முன்னால் ஒத்திகை பார்க்க இசைக்கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தார். சின்ன நிறுவனங்கள் அப்போது அப்படிச் செய்யவில்லை. அதனால்தான் ப்ளூ நோட் ரெக்கார்டுகளில் இரண்டு ஊதுவாத்தியங்களும் ஒரே மூச்சில் மெட்டை எடுக்கும். இடையில் வரும் சின்னச் சின்ன நிறுத்தங்கள்கூட பிசகாமல் விழும். புதிதாக எழுதிய சிக்கலான மெட்டுகளை வாசிக்கும் தைரியமும் அந்த ஒத்திகையிலிருந்து வந்ததுதான்.

சரி, அந்தக் காலத்து அசல் ரெக்கார்டையே வாங்கினால் என்ன? வாங்கலாம், வசதி இருந்தால். நல்ல நிலையில் உள்ள முதல் பதிப்புகள், குறிப்பாக அன்று அதிகம் விற்காதவை, இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. லேபிளில் என்ன முகவரி அச்சாகியிருக்கிறது, பாடல் முடிந்து லேபிள் வரை உள்ள வெற்றுப் பகுதியில் வான் கெல்டரின் முத்திரை இருக்கிறதா, பிளாஸ்டிலைட் ஆலையின் காது மாதிரியான குறி இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து வாங்கும் உலகம் அது. அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் இன்னொன்றும் உண்டு. அசல் ரெக்கார்டுகளை வெட்டும்போது, அதாவது டேப்பிலுள்ள ஒலியைத் தட்டில் பள்ளமாகச் செதுக்கும்போது, அன்றைய மலிவான பிளேயர்களில் ஊசி துள்ளிவிடக்கூடாது என்பதற்காக வான் கெல்டர் அடி ஸ்தாயியைக் கொஞ்சம் அடக்கி, ஒலியை இறுக்கிக் கொடுத்தார். அதில் ஒரு முரட்டு வேகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டேப்பில் இருக்கும் பேஸ் முழுவதும் அந்தத் தட்டில் இல்லை.

மறுபதிப்பின் வேலையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. டோன் பொயட் ரெக்கார்டுகளுக்கு மூல மாஸ்டர் டேப்பை எடுத்து, நடுவில் கணினி எதுவும் இல்லாமல், நேராக லாக்கர் எனப்படும் மென்மையான பூச்சிட்ட மூலத் தட்டில் வெட்டுகிறார் கெவின் கிரே. அந்த லாக்கருக்கு உலோகப் பூச்சு பூசி, அச்சு எடுத்து, கலிஃபோர்னியாவிலுள்ள ஆர்.டி.ஐ. ஆலையில் 180 கிராம் வினைலில் அழுத்துகிறார்கள். மேற்பார்வை ஜோ ஹார்லி. இவருக்கு டோன் பொயட் என்ற பட்டப்பெயரை வைத்தவர் சாக்ஸபோன் கலைஞர் சார்ல்ஸ் லாயிட். வரிசையின் பெயரும் அதுவே ஆனது. ஹார்லி அதற்கு முன் மியூசிக் மேட்டர்ஸ் என்ற சின்ன நிறுவனத்தில் இதே ப்ளூ நோட் ஆல்பங்களை மறுபதிப்பு செய்தவர். அந்தத் தரத்தைப் பார்த்துத்தான் ப்ளூ நோட்டின் தலைவர் டான் வாஸ் அவரை உள்ளே அழைத்து, நிறுவனத்தின் 80ஆம் ஆண்டில் இந்த வரிசையைத் தொடங்கினார்.

இந்த விவரங்களெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். 2022இல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற பழைய, மதிப்புள்ள மறுபதிப்பு நிறுவனம், தன் ரெக்கார்டுகள் பலவற்றில் இடையே டிஜிட்டல் பிரதி ஒன்றைப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டது. விஷயம் நீதிமன்றம் வரை போனது. அந்த ரெக்கார்டுகளின் ஒலி மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். வாங்குபவருக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த ரெக்கார்டை எடுத்தாலும் மூன்று விஷயங்களைத் தேடுகிறேன்: எந்த டேப், யார் வெட்டியது, எங்கே அழுத்தியது. இந்த மூன்றையும் அட்டையில் சொல்லாத நிறுவனத்திடம் 40 டாலர் கொடுக்க எனக்கு மனசு வராது. கிரே வெட்டிய தட்டு என்றால், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் உள்வட்ட வெற்றுப் பகுதியில் அவருடைய முதலெழுத்துகள் கையால் கீறப்பட்டிருப்பது தெரியும். புதிதாக ஒன்று வாங்கினால் நான் முதலில் பார்ப்பது அந்தக் கீறலைத்தான்.

இப்போது நான் சொல்ல வந்த ரெக்கார்டு. டோன் பொயட்டில் வந்த, டீனா ப்ரூக்ஸின் மைனர் மூவ்.

டீனா என்பது ஆண். ஹரால்ட் ஃப்ளாய்ட் ப்ரூக்ஸ் என்பது இயற்பெயர், சிறுவயதில் வந்த செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டது. வட கரோலினாவில் ஃபாயெட்வில் ஊரில் 1932இல் பிறந்த டெனர் சாக்ஸபோன் கலைஞர். தன் தலைமையில் ப்ளூ நோட்டுக்காக நான்கு ஆல்பங்கள் பதிவு செய்தார். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்தது ஒன்றே ஒன்று, ட்ரூ ப்ளூ. டிரம்பெட் கலைஞர் ஃப்ரெடி ஹப்பர்டின் முதல் ஆல்பமான ஓப்பன் செசமியில் தலைப்புப் பாடலை எழுதியவரும் ப்ரூக்ஸ்தான். அதைப் பதிவு செய்த அதே வாரத்தில், 1960 ஜூனில், ட்ரூ ப்ளூவும் பதிவானது. 1961க்குப் பிறகு அவர் தலைமையில் ஒரு பதிவும் இல்லை. 1974இல், 42 வயதில், கல்லீரல் கெட்டுப்போய் இறந்தார்.

மைனர் மூவ் அந்த நான்கு ஆல்பங்களில் மூத்தது. 1958 மார்ச் 16, ஹாக்கன்சாக் வரவேற்பறை. டிரம்பெட்டில் லீ மார்கன், அப்போது 19 வயது. பியானோ சோனி கிளார்க், பேஸ் டக் வாட்கின்ஸ், டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. இப்படியொரு கூட்டணி கூடி வாசித்ததை ஏன் வெளியிடாமல் வைத்தார்கள் என்று கேட்கும்போதெல்லாம் ஆத்திரம்தான் வருகிறது. முதன்முதலில் 1980இல் ஜப்பானில் வெளியானது. ப்ரூக்ஸ் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. ப்ளூ நோட்டின் பெட்டகத்தில் தூங்கிய டேப்புகளையெல்லாம் 1970களின் நடுவிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பியவர் மைக்கேல் கஸ்குனா. 2024இல் அவர் காலமானபோது, என் அலமாரியில் எத்தனை ரெக்கார்டுகள் அவர் இல்லாவிட்டால் இருந்திருக்காது என்று எண்ணிப் பார்த்தேன். அவர் மோசாய்க் என்ற நிறுவனத்தின் வழியாக ப்ரூக்ஸின் நான்கு ஆல்பங்களையும் ஒரே பெட்டியாக 1980களில் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் அமெரிக்காவிலேயே பலருக்கு இப்படி ஒருவர் இருந்தார் என்று தெரிந்தது.

முதல் பாடல் நட்வில். (இதே பெயரில் ஹொரஸ் சில்வர் பின்னால் ஒரு பாட்டு எழுதினார், அது வேறு.) இது ப்ரூக்ஸ் எழுதிய ப்ளூஸ், அவசரமில்லாத நடை. ஊசியை வைத்ததும் என் காது முதலில் போவது வாட்கின்ஸின் பேஸுக்கு. விரல் தந்தியை இழுத்து விடும் அந்த நொடியில் ஒரு மரச்சத்தம், அதற்குப் பின்னால் ஸ்வரம், அது முழுசாக ஒலித்து அடங்குவதற்குள் அடுத்த ஸ்வரம். இந்த ஆல்பத்தை நான் பல வருஷம் சிடியில் கேட்டிருக்கிறேன். அதில் பேஸ் இருக்கிறது, ஆனால் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே என்ன நடக்கிறது என்பது தெளிவாக வராது. இங்கே அது வருகிறது. வாட்கின்ஸ் 1962இல் கார் விபத்தில் போய்விட்டார், 27 வயது. அவருடைய விரல் இவ்வளவு கிட்டத்தில் கேட்கும்போது அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அடுத்து பிளேக்கி. எல்லோரும் அவரை இடி முழக்கம் என்பார்கள். இந்தத் தட்டில் அவர் எவ்வளவு அடக்கி வாசிக்கிறார் என்பதைக் கேளுங்கள். ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பல் இரண்டாம் எண்ணிக்கையிலும் நான்காம் எண்ணிக்கையிலும் கதவைச் சாத்துவதுபோல் சுத்தமாக மூடுகிறது. ஒருவர் தனிச் சுற்றை முடித்து அடுத்தவர் எடுக்கும் இடத்தில் ஸ்நேர் டிரம்மில் ஒரு உருட்டு உருட்டி அவரைத் தள்ளிவிடுவார். அந்த உருட்டு மெல்லத் தொடங்கி மேலே ஏறுவது ஒவ்வொரு படியாகத் தெரிகிறது. மோசமான மறுபதிப்பில் இந்த இடம் வெறும் இரைச்சலாக நின்றுவிடும். சிம்பலின் ஒலி தீட்டிய கத்தியாகக் காதைக் கிழிக்காமல், தட்டிய பிறகு காற்றில் கரைகிறது.

ப்ரூக்ஸின் ஒலிக்கு வருகிறேன். அதே டெனர் வாசித்த ஜான் கோல்ட்ரேன் மாதிரி ஸ்வரங்களை அள்ளிக் கொட்டுபவர் இல்லை. மோப்லி மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறவரும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, லேசான ஏக்கம் ஒட்டிய ஒரு குரல். ஒரு வாக்கியத்தை மேலே கொண்டுபோய், உச்சியில் நிறுத்தாமல், பக்கவாட்டில் திருப்பி இறக்குவார். எவரிதிங் ஹாப்பன்ஸ் டு மீ என்ற மெதுவான பாட்டில் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ரீடில் (சாக்ஸபோன் வாயிலுள்ள நாணல் பட்டையில்) காற்று மட்டும் போகிற சத்தம் கேட்கிறது, ஸ்வரம் நின்ற பிறகும். இந்தக் காற்றுக்காகவே நான் டோன் பொயட்டுக்குப் பணம் கொடுப்பேன். கிரே இதை மெருகேற்றிக் காட்டவில்லை. டேப்பில் இருந்ததை விட்டுவைத்திருக்கிறார்.

குறை என்று சொன்னால் பியானோதான். வான் கெல்டர் பதிவு செய்த பியானோ எப்போதும் ஒரு பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கொஞ்சம் அமுங்கித்தான் கேட்கும். சோனி கிளார்க்கின் வலது கை ஓட்டம் அற்புதமானது, ஆனாலும் கருவியின் முழு உடம்பும் அறைக்குள் வருவதில்லை. இது மறுபதிப்பின் குற்றமில்லை, டேப்பிலேயே அப்படித்தான். எந்த விலைக்கு வாங்கினாலும் இது மாறாது, ஆகவே இதற்காக இன்னும் விலை கூடிய பதிப்பைத் தேடி அலைய வேண்டாம்.

இதே வகையில் இன்னும் இரண்டு. ஹாங்க் மோப்லியின் பாப்பின் 1957 அக்டோபரில் பதிவாகி, அதுவும் 1980இல்தான் ஜப்பானில் வெளிவந்தது. ஆர்ட் ஃபார்மரின் டிரம்பெட், பெப்பர் ஆடம்ஸின் பாரிடோன் சாக்ஸபோன், மோப்லியின் டெனர் என்று மூன்று ஊதுவாத்தியங்கள். பாரிடோன் அடியில் நின்று தாங்குவதால் மெட்டே கனமாக வருகிறது. கிராண்ட் கிரீனின் நைஜீரியா 1962 ஜனவரியில் பதிவானது, அதற்கும் 1980தான் வெளியீடு. அதில் ஊதுவாத்தியமே இல்லை. கிடார், சோனி கிளார்க், பேஸில் சாம் ஜோன்ஸ், பிளேக்கி. இட் எய்ன்ட் நெசசரிலி ஸோ பாட்டில் பிளேக்கி பின்னாலிருந்து கொடுக்கும் தாளத்தில் கிரீன் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சூடேற்றும் இடம், நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் நான் முதலில் போட்டுக் காட்டுவது. கிளார்க் அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே இறந்துவிட்டார், 31 வயது.

மூன்று ஆல்பங்களையும் வாங்க வேறு எந்த வழியும் சுலபமில்லை. பழைய ஜப்பானியப் பதிப்புகள் கிடைத்தால் விலை டோன் பொயட்டை விடக் கூடுதலாகவே இருக்கும். டோன் பொயட் கடையில் 35 முதல் 40 டாலர். இவற்றுக்கு அது நியாயமான விலை என்றே நினைக்கிறேன்.

அட்டை பற்றிக் கொஞ்சம். ஸ்டோட்டன் அச்சகம் செய்யும் கெட்டி அட்டை, மேலே அச்சிட்ட தாளைப் பழைய முறையில் ஒட்டியது. விரித்தால் உள்ளே வுல்ஃபின் புகைப்படங்கள் பெரிதாக. ஒலிப்பதிவின் நடுவே எடுத்த படங்கள் என்பதால் யாரும் காமிராவைப் பார்ப்பதில்லை. வியர்வை, புகை, தாளில் பென்சில் குறிப்பு எல்லாம் அப்படியே இருக்கும். ரீட் மைல்ஸ் வடிவமைத்த அட்டைகளை இந்த அளவில் பார்த்தால்தான் எழுத்துகளை எங்கே நிறுத்தினார், எங்கே வெட்டினார் என்பது புரியும். அழகுதான். ஆனால் கொடுக்கும் கூடுதல் காசில் கணிசமான பங்கு இந்த அட்டைக்குப் போகிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

அதனால்தான் கிளாசிக் வினைல். 2020 இறுதியில் தொடங்கிய இந்த வரிசையில் பிளேக்கியின் மோனின், சோனி கிளார்க்கின் கூல் ஸ்ட்ரட்டின், மோப்லியின் சோல் ஸ்டேஷன், லீ மார்கனின் தி சைட்விண்டர் எல்லாம் இருக்கின்றன. ஹார்ட் பாப்பில் நுழைய இந்த நான்கும் போதும். வெட்டியவர் அதே கெவின் கிரே. அனலாக் (டிஜிட்டல் ஆக்காத) மூலம் உள்ளவற்றை அனலாக்காகவே வெட்டுகிறார். அழுத்துவது ஜெர்மனியின் ஆப்டிமல் ஆலை. ஒற்றை உறை, விரிக்கும் அட்டை இல்லை. விலை 25 டாலரிலிருந்து 30க்குள். என்னிடமுள்ள ஆப்டிமல் தட்டுகள் தட்டையாக, மையம் பிசகாமல், சத்தமில்லாமல் இருக்கின்றன. மோனின் தலைப்புப் பாட்டின் தொடக்கத்தில் பாபி டிமன்ஸ் பியானோவில் ஒரு வரி கேட்க, மற்றவர்கள் ஆமென் சொல்வதுபோல் இரண்டு ஸ்வரத்தில் பதில் சொல்வார்கள். அந்த இரண்டு ஸ்வரத்துக்கும் அடுத்த வரிக்கும் இடையிலுள்ள அமைதியில் எந்தப் பொரிசத்தமும் என் தட்டில் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கூல் ஸ்ட்ரட்டினைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1958 ஜனவரி 5இல் பதிவு, கிளார்க்கோடு வாசித்தவர்கள் ஆர்ட் ஃபார்மர், ஜாக்கி மெக்லீன், பால் சேம்பர்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ். நியூ யார்க் நடைபாதையில் குதிகால் செருப்போடு நடக்கும் பெண்ணின் கால்கள் மட்டும் தெரியும் அந்த அட்டையை ஜாஸ் கேட்காதவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவில் சாதாரணமாக விற்ற இந்த ஆல்பத்தை ஜப்பானிய ரசிகர்கள்தான் தலையில் தூக்கி வைத்தார்கள். தலைப்புப் பாட்டின் நடை அந்த அட்டையிலுள்ள நடையேதான், வேகமும் இல்லை, சோம்பலும் இல்லை. மெக்லீனின் ஆல்டோ சாக்ஸபோன் சுருதியில் ஒரு நூலிழை மேலேயே நிற்கும். சிலருக்கு அது உறுத்தும். எனக்கு அந்தப் புளிப்பு இல்லாத ப்ளூஸ் சப்பென்று இருக்கும். இதைக் கிளாசிக் வினைலில் கேட்டுவிட்டு, ஒரு நண்பரிடம் இருந்த, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் பழைய பதிப்பிலும் கேட்டேன். 45இல் சிம்பலில் இன்னும் கொஞ்சம் காற்று உண்டு, உண்மை. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் இருபது நிமிடம் ஓடும் என்று கணக்கிட்டு வரிசைப்படுத்திய ஆல்பத்தை அப்படித் துண்டு போட்டுக் கேட்பது எனக்கு ஒத்துவரவில்லை.

பெரிய பெயர்களில் ஒரே ஒரு விதிவிலக்கு: கோல்ட்ரேனின் ப்ளூ ட்ரெயின், 2022இல் டோன் பொயட்டில் வந்த மோனோ (ஒரே தட ஒலி) பதிப்பு. 1957 செப்டம்பர் 15இல் ஹாக்கன்சாக்கில் பதிவானது. மூன்று ஊதுவாத்தியங்கள், கோல்ட்ரேன், லீ மார்கன், கர்ட்டிஸ் ஃபுல்லரின் டிராம்போன். ஸ்டீரியோவில் இவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நிற்பார்கள். மோனோவில் மூவரும் ஒன்றாகச் சேர்ந்து நேரே நெஞ்சில் வந்து மோதுகிறார்கள். அந்தச் சேர்ந்த கனம்தான் இந்த ஆல்பத்தின் உயிர். ஸ்டீரியோவை விரும்புபவர்களோடு நான் சண்டை போடவில்லை, என் காசு மோனோவுக்கு.

கிராஃப்டின் ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1980களில் ஃபேண்டசி நிறுவனம் மலிவு விலையில் தொடங்கிய வரிசை. 2023இல் புதுப்பித்தபோது மீண்டும் கெவின் கிரே, மீண்டும் ஆர்.டி.ஐ. ஆலை, விலையும் டோன் பொயட் அளவுக்கு ஏறிவிட்டது. பிரெஸ்டீஜ், ரிவர்சைடு போன்ற நிறுவனங்களின் ஆல்பங்கள் இதில் வருகின்றன. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் ஐவர் குழுவின் வொர்க்கின் என்னிடம் இருக்கிறது. அதே ஹாக்கன்சாக் அறை, அதே வான் கெல்டர். பிரெஸ்டீஜ் ஒத்திகைக்குக் காசு கொடுத்ததில்லை. ஆனால் மைல்ஸின் குழு இரவு விடுதிகளில் தினமும் சேர்ந்து வாசித்துப் பழகிய குழு, ஒத்திகை தேவைப்படவில்லை. 1956இல் இரண்டே நாட்களில் நான்கு ஆல்பத்துக்கான பாடல்களை வாசித்துத் தள்ளினார்கள். ஒலி அருமை. இந்த ஆல்பத்தின் பழைய மலிவுப் பதிப்பு ஏற்கெனவே நல்ல நிலையில் உங்களிடம் இருந்தால் அதுவே போதும். பழைய தட்டுகளுக்கு நான் போவது பிரின்ஸ்டனில் டியூலேன் தெருவிலுள்ள பிரின்ஸ்டன் ரெக்கார்ட் எக்ஸ்சேஞ்சுக்கு. ஜாஸ் பகுதி பெரியது, தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்து வாங்கலாம். 1980களின் ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ் அங்கே அடிக்கடி கண்ணில் படும்.

எல்லாம் நல்லதாகவே சொல்லிவிட்டால் விமர்சனமாகாது. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய டோன் பொயட் தட்டு விளிம்பு நெளிந்து வந்தது. ஊசி மேலும் கீழும் படகுபோல் ஆடியது. மாற்றித் தந்தார்கள்தான், ஆனால் அடுத்ததும் மெல்லிய அட்டைப் பெட்டியில், மூலை நசுங்கி வந்தது. 40 டாலர் பொருளை அனுப்புபவர்கள் இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைத்து அனுப்ப வேண்டும். தட்டை உறைக்கு வெளியே எடுத்து உறையின் பின்னால் வைத்து அனுப்பினால் உறையின் விளிம்பும் கிழியாது. இதைச் செய்யாத இடத்தில் இப்போது நான் வாங்குவதில்லை.

புதுத் தட்டிலும் மின்னூட்டம் பெரிய தொல்லை. நியூ ஜெர்சியில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி அறைக்காற்று காய்ந்து கிடக்கும். உள்ளுறையிலிருந்து தட்டை உருவும்போதே படபடவென்று பொரியும், தூசி முழுவதும் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும். கார்பன் பிரஷ்ஷைச் சுற்றும் தட்டின் மேல் இரண்டு சுற்று சும்மா தொட்டபடி வைத்து, பிறகு மெதுவாக வெளிப்பக்கம் இழுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அழுத்தித் தேய்க்காதீர்கள். முதல்முறை ஓட்டுமுன் ஒரு தடவை கழுவிவிடுவதும் நல்லது, ஆலையில் ஒட்டிய துகள்கள் போய்விடும்.

கருவி பற்றிக் கேட்பார்கள். என்னுடையது டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1500சி, அதில் ஆர்டஃபோன் 2எம் ப்ளூ ஊசி, அழுத்தம் 1.8 கிராம். இதைவிடப் பல மடங்கு விலையுள்ள கருவிகளில் இதே தட்டுகளைக் கேட்டிருக்கிறேன். வித்தியாசம் உண்டு. ஆனால் மேலே நான் சொன்ன விஷயங்கள், வாட்கின்ஸின் விரலும் ப்ரூக்ஸின் காற்றும், என் அறையிலும் கேட்கின்றன. ஊசியைச் சரியாக நிறுத்தி, அழுத்தத்தை ஒரு சின்னத் தராசில் சரிபார்த்துக்கொண்டால் போதும். அது சரியில்லாவிட்டால், பக்கத்தின் கடைசிப் பாட்டில், வட்டம் குறுகும் இடத்தில், டிரம்பெட் ஒலி உடைந்து கேட்கும். லீ மார்கன் உச்ச ஸ்தாயியில் ஊதும்போது இது உடனே காட்டிக்கொடுத்துவிடும். தட்டைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள்.

கடைசியாக விலை. டோன் பொயட் ஆல்பம் ஒன்று கடைகளில் தீர்ந்துவிட்டால், மறுநாளே இணையத்தில் சிலர் அதை இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போடுவார்கள். அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ப்ளூ நோட் இந்த வரிசையில் பல ஆல்பங்களைத் திரும்பவும் அழுத்தியிருக்கிறது. உங்கள் ஊர்க் கடையில் பெயர் கொடுத்து வைத்தால், வரும்போது கூப்பிடுவார்கள். அதுவரை மைனர் மூவை ஏதாவது ஒரு வழியில் கேட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் பெயர் கொடுங்கள், பிடிக்காவிட்டால் அந்த 40 டாலருக்கு மோனின் ஒன்றை வாங்கிக்கொண்டு, மீதியில் பழைய தட்டுப் பெட்டிகளைத் துழாவலாம்.